இரண்டு கோட்டுக்கு நடுவே

பேரணாம்பட்டு தாண்டி மலை ஏறுமுன்
தோல் கிடங்கு மதிலோரம் நிறுத்தி
எஞ்சினை அணைத்துக் காத்திருக்கிறேன்.
எண்ணெய் இறங்கித் தங்கவேண்டும்.
பின்னால் எண்பது மூட்டை
இலவம்பாடி முள்ளுக் கத்திரி.
காலையில் செடியில் இருந்தவை,
சாக்கின் கண் வழியே இன்னும் குத்துகின்றன.

குச்சியை உருவித் துடைத்து
மறுபடி விட்டு மறுபடி உருவினால்
மேல்கோட்டுக்கு அரை விரல் கீழே.
ஊரில் கிளம்பும்போது கோட்டைத் தொட்டது.
எங்கே போச்சு என்று என்னைக் கேட்காதீர்கள்.
திரும்பிப் பாருங்கள்,
குடியாத்தம் வரை ரோட்டின்மேல்
நீலமாய் ஒரு மெல்லிய துணி.

இப்படி இல்லை இந்த வண்டி.
போன ஆடியில்
லைனர் மாற்றி, புது ரிங் இறுக்கி
தஸ்தகீர் கையில் தந்தான்.
மூன்று மாதம் ஒரு சொட்டு கேட்கவில்லை.
குச்சி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.
மலையில் மட்டும் இரண்டாம் கியரில்
காலில் முள் தைத்தவள் மாதிரி ஏறும்.
கலாசிபாளையம் நுழைந்தால் நாலே கால்.
மூன்றரைக்கு எண்ணூறு போன மூட்டையை
நாலே காலுக்கு எழுநூற்று அறுபது என்பார்கள்,
அதையும் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு.
காயும் என்னது, வண்டியும் என்னது,
கடன் மட்டும் பேங்கோடது.

தஸ்தகீருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு.
எனக்கு இரண்டாயிரம் பாக்கி வேறு.
ஆனாலும் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"இன்னாக்கா நீ.
இறுக்குனா இழுக்காது, தளர்த்துனா குடிக்கும்.
ரெண்டும் ஒரே வண்டில வராது.
எது வோணும், சொல்லு."

சொன்னேன்.

பம்ப்பின் சீலை உடைத்தான், ரிங்கைத் தளர்த்தினான்.
அன்று ராத்திரி
மலை என் வண்டிக்கு அடியில் ஓடியது.
மூன்று பத்து.
எண்ணூற்று முப்பது.

அப்புறம் மாசியில் ஒரு வெள்ளி.
சீட்டுக்கடியில் கேன் காலி.
வாங்க மறந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்,
மகளின் ஹாஸ்டலுக்குக் கட்டியதுபோகக்
கையில் டீசலுக்குத்தான் இருந்தது.
ஏழாம் வளைவில் சிவப்பு விளக்கு.
நிறுத்தி, டயருக்குக் கல் வைத்தேன்.
குச்சியின் நுனியில் ஈரம்கூட இல்லை.
சாக்குக்குள் கை விட்டால் சூடு,
காய் ஒவ்வொன்றும் காய்ச்சல்காரனின் நெற்றி.

அந்நேரம் கஜபதி வந்தான்.
சொட்டு எண்ணெய் தின்னாத வண்டி,
முப்பதைத் தாண்டாத வண்டி.
'ஊர்வலம்' என்று பேர் வைத்ததே நான்தான்.
நிறுத்தித் தலையை நீட்டினான்.
"ஆயில் இல்லியா?"
"நீ வெச்சிருக்கியா?"
"நான் எதுக்கு வெச்சிக்கப்போறேன்?"
நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டுவிட்டு
போய்விட்டான்.

விடிந்தபின்
வி.கோட்டாவிலிருந்து பைக்கில் வந்தது இரண்டு லிட்டர்.
கோலாரிலேயே பாதி விலைக்குத் தள்ளினேன்.

திரும்பும்போது டோல் சீட்டின் முதுகில் எழுதினேன்:
மாதம் இருபது நடை.
நடைக்கு ஒரு லிட்டர், முந்நூற்று நாற்பது.
முந்திப் போவதில் வருவது மூவாயிரத்துச் சொச்சம்.
கழித்தால் அந்த வெள்ளிக்கிழமை.
ஒருநாள் வரப்போகும் எஞ்சின் வேலை.
எந்தப் பக்கம் கூட்டினாலும்
கடைசி வரியில் தஸ்தகீர் உட்கார்ந்திருக்கிறான்.

இறுக்கச் சொல்லவில்லை.
கேனை இரண்டாக்கினேன்.
வண்டி பார்க்க மறுத்த ஒரு வேலையை
இப்போது நான் பார்க்கிறேன்:
ஏறுமுன் ஒருதரம், ஏறியபின் ஒருதரம்,
தூக்கம் கண்ணைக் கிள்ளும்போது ஒருதரம்.
துடைத்துத் துடைத்து
துப்பட்டாவின் ஒரு முனை கறுத்தே போனது.
மகள் அதை வேறு பக்கெட்டில் ஊறவைக்கிறாள்.

ஊற்றுகிறேன்.
புனலின் கடைசிச் சொட்டு
விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது.
அதற்கும் நிற்கிறேன்.

மணி பன்னிரண்டு இருபது.
கஜபதி பதினொன்றுக்கே கிளம்பியிருப்பான்,
நாலாம் வளைவில் பிடித்துவிடுவேன்.
இப்போது அவனும்
ஒரு கேன் வைத்திருக்கிறானாம்.
லிட்டர் ஐந்நூறாம்.